ரிக்வேதத்தில் கவிஞரும் தெய்வமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிக்வேதத்தை மொழிபெயர்ப்பில் படிக்க உட்காருகிறவர்கள் பலர் இருபது முப்பது பாட்டுக்குள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். "பசு கொடு, குதிரை கொடு, எதிரியை அடி என்றே போய்க்கொண்டிருக்கிறது, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களிடம் நான் ஒன்றைத்தான் சொல்வேன். என்ன கேட்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, யார் யாரிடம் எந்தக் குரலில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அப்படிப் பார்க்கப் போனபோது எழுந்த கேள்விகளும், எனக்குப் பிடிபட்ட பதில்களும் கீழே.

முதலில், இந்தப் பாட்டுகளைப் பாடியவர்கள் யார்?

ரிக்வேதத்தில் 10 மண்டலங்கள் (தொகுதிகள்), 1028 சூக்தங்கள் (பாட்டுகள்). பொதுவாக ஆய்வாளர்கள் இவற்றின் காலத்தைப் பொ.ஆ.மு. 1500க்கும் 1000க்கும் இடையில் வைக்கிறார்கள். இடம் பெரும்பாலும் சிந்துவும் அதன் துணை ஆறுகளும் ஓடும் பஞ்சாப் பகுதி. 2 முதல் 7 வரையான மண்டலங்கள் குடும்பச் சொத்து மாதிரி: இரண்டு கிருத்சமதர் வீட்டுக்கு, மூன்று விசுவாமித்திரர் வீட்டுக்கு, நான்கு வாமதேவர், ஐந்து அத்ரி, ஆறு பரத்வாஜர், ஏழு வசிஷ்டர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி முத்திரைகூட உண்டு. வசிஷ்டர் வீட்டுப் பாட்டுகள் பலவும் "நீங்கள் எப்போதும் நலங்களால் எங்களைக் காப்பாற்றுங்கள்" என்ற ஒரே அடியில் முடியும்.

இவர்களைக் காட்டில் தனியே தவம் செய்த முனிவர்களாகக் கற்பனை செய்தால் பாட்டு புரியாது. வேள்வி நடத்தும் தலைவனிடம் கூலி வாங்கும் தொழில்முறைக் கவிஞர்கள் இவர்கள். சில சூக்தங்களின் கடைசியில், இன்ன அரசன் இத்தனை மாடு கொடுத்தான், இத்தனை குதிரை கொடுத்தான் என்று கணக்கோடு புகழ்வார்கள். அதற்குத் தானஸ்துதி என்று பெயர். ஒன்பதாம் மண்டலத்தில் ஒருவர் குடும்பத்தையே அறிமுகம் செய்கிறார் (9.112, அதாவது ஒன்பதாம் மண்டலம், 112ஆம் சூக்தம்): "நான் கவிஞன், அப்பா வைத்தியர், அம்மா மாவு அரைப்பவள்." ஆளுக்கொரு தொழில், எல்லோரும் பொருளைத் தேடித்தான் ஓடுகிறோம் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக்குள் நுழைந்து பார்த்த மாதிரி இருக்கிறது எனக்கு.

அவர்கள் பாட்டை இயற்றினார்களா, கண்டார்களா? வேதத்தை யாரும் எழுதவில்லை என்கிறார்களே?

வேத வேள்விகளை ஆராயும் தத்துவப் பள்ளியான மீமாம்சை வேதத்தை 'அபௌருஷேயம்' என்கிறது, அதாவது எந்த மனிதரும் ஆக்காதது. ரிஷி மந்திரத்தைக் கண்டவர், செய்தவர் இல்லை. வேதச் சொற்களுக்கு விளக்கம் சொல்லும் நிருக்தம் என்ற பழைய நூலை எழுதிய யாஸ்கரும் 'ரிஷி' என்ற சொல்லைப் பார்த்தல் என்ற பொருளோடுதான் இணைக்கிறார்.

ஆனால் பாட்டுகளுக்குள்ளே போனால் கவிஞர்கள் கூச்சமே இல்லாமல் "நான் செய்தேன்" என்கிறார்கள். "கைதேர்ந்த தச்சன் தேரைச் செய்வதுபோல் உனக்கு இந்தப் பாட்டைச் செதுக்கினேன்" என்று அத்ரி வீட்டுக் கவிஞர் ஒருவர் அக்னியிடம் சொல்கிறார் (5.2). இன்னொரு பாட்டில் தேரோடு நன்றாக நெய்த துணியும் உவமையாக வருகிறது (5.29). தச்சு வேலை, நெசவு எல்லாம் கை வேலைதான்.

அதே கவிஞர்கள் பாட்டு தெய்வத்திடமிருந்து வருகிறது என்றும் சொல்வார்கள். காயத்ரி மந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் (3.62.10; மூன்றாவது எண் சூக்தத்துக்குள் வரும் மந்திரத்துடையது). தினமும் எத்தனையோ வாய்கள் சொல்கிற வரி அது. "எவன் எங்கள் 'தீ'களைத் தூண்டுவானோ" என்று சூரிய தெய்வமான சவிதாவைப் பற்றி அது சொல்கிறது. இங்கே 'தீ' என்பது நெருப்பு இல்லை. 'தியானம்' என்ற சொல்லோடு உறவுள்ள 'தீ'. புத்தி என்று பொதுவாக மொழிபெயர்க்கிறோம், தப்பில்லை. ஆனால் ரிக்வேதக் கவிஞர் வாயில் அந்தச் சொல் வரும்போது, பாட்டாக மாறப்போகும் உள்ளக் காட்சி என்ற பொருளும் சேர்ந்தே இருக்கிறது. கவிஞர் தெய்வத்திடம் பாட்டைக் கேட்கிறார், வாங்கின பாட்டைச் செதுக்கி அதே தெய்வத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார். இந்தச் சுற்று பிடிபட்டால் பாதி ரிக்வேதம் பிடிபட்ட மாதிரி. கண்டதா, செய்ததா என்ற சண்டை பின்னால் வந்தவர்களுடையது. பாடியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்க முடிந்திருக்கிறது.

ரிஷி, தேவதை என்று ஒவ்வொரு சூக்தத்துக்கும் மேலே போட்டிருக்கிறார்களே, அது என்ன?

காத்யாயனர் பெயரில் வழங்கும் சர்வானுக்ரமணி என்ற பழைய அட்டவணையிலிருந்து வருவது அது. அதில் இருக்கிற இலக்கணம் ரொம்ப அழகானது: யாருடைய பேச்சோ அவர் ரிஷி, அந்தப் பேச்சு எதைப் பற்றியதோ அது தேவதை. அவ்வளவுதான். இதன்படி சூதாடியின் புலம்பலில் (10.34) தாயக்காய்களும் தேவதை ஆகின்றன, மழைக்காலப் பாட்டில் (7.103) தவளைகளும் தேவதை ஆகின்றன. சொல் தெய்வமான வாக்கு தன்னைப் பற்றித் தானே பேசும் சூக்தத்தில் (10.125) ரிஷியும் தேவதையும் ஒருத்தியே. அந்தப் பாட்டில் அவள் "நான் யாரை விரும்புகிறேனோ அவனை வல்லவன் ஆக்குகிறேன், ரிஷி ஆக்குகிறேன்" என்கிறாள். கவிஞரை உண்டாக்குவதே சொல்தான் என்கிறாள்.

தெய்வத்தை என்ன முறை வைத்துக் கூப்பிடுகிறார்கள்?

இடத்துக்குத் தகுந்த மாதிரி. அக்னி வீட்டுக்கு வந்த விருந்தாளி, வீட்டுத் தலைவன், தூதன். முதல் சூக்தத்தின் கடைசி வரியிலேயே "மகனுக்கு அப்பாவைப்போல நீ எங்களுக்கு எளிதில் அணுகக்கூடியவனாக இரு" என்று கேட்கிறார்கள். இந்திரன் பெரும்பாலும் 'சகா', நண்பன். 'சக்யம்' என்கிற நட்புச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது 8.1இல் வரும் இரண்டு மந்திரங்கள். முதலில், "பெரிய விலை வந்தாலும் உன்னை விற்கமாட்டேன், ஆயிரத்துக்கும் இல்லை, பத்தாயிரத்துக்கும் இல்லை" என்று கவிஞர் இந்திரனிடம் சொல்கிறார். அடுத்ததில், "நீ என் அப்பாவைவிட மேல், சோறு போடாத அண்ணன் தம்பியைவிட மேல், அம்மாவும் நீயும் எனக்குச் சமம்." சோறு போடாத உடன்பிறப்பு! வீட்டில் பட்ட ஏதோ ஒரு வலி அந்த ஒரு சொல்லில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன். அப்பாவையும் தாண்டிய இந்திரன் அம்மாவைத் தாண்டவில்லை என்பதையும் பாருங்கள்.

எல்லாம் சரி, கடைசியில் கொடுக்கல் வாங்கல்தானே? சோமம் (வேள்வியில் தெய்வத்துக்குப் படைக்கும் செடிச்சாறு) கொடு, மாடு வாங்கு?

கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. யஜுர்வேதத்தில் "எனக்குக் கொடு, உனக்குக் கொடுக்கிறேன்" என்று அப்பட்டமாகவே ஒரு வரி உண்டு. வாமதேவர் வீட்டுப் பாட்டு ஒன்று (4.24) சந்தையில் நிற்பதுபோல் கூவுகிறது: "என்னுடைய இந்த இந்திரனைப் பத்துப் பசுவுக்கு யார் வாங்குகிறார்? எதிரிகளைக் கொன்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்." இதை வைத்து, அப்போதே இந்திரனுக்குச் சிலை இருந்திருக்கும் என்று சிலர் வாதிட்டதுண்டு. என் வாசிப்பு வேறு: இந்திரனை வரவழைக்கிற பாட்டுத் திறமையைத்தான் அந்தக் கவிஞர் விலை பேசுகிறார்.

ஆனால் இதை 'வெறும் வியாபாரம்' என்று சொல்லிவிட்டால் ஒரு முக்கியமான விஷயம் நழுவிப்போகும். பாட்டு இங்கே முகத்துதி இல்லை. பாட்டு இந்திரனை வளர்க்கிறது என்கிறார்கள், நிஜமாகவே அந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். புகழ்பெற்ற 2.12ஆம் சூக்தத்தில் மந்திரச் சொல் இந்திரனுக்கு வளர்ச்சி தருவதாக வருகிறது. இந்திரனின் பெரும் பகைவனான விருத்திரனைக் கொல்லத் தேவையான பலம் சோமத்திலிருந்தும் சொல்லிலிருந்தும் வருகிறது என்றால், தெய்வத்துக்கும் கவிஞர் தேவை. ஒருவர் கை மேலே, ஒருவர் கை கீழே என்று எப்போதும் இல்லை. அன்பும் கணக்கும் ஒரே வீட்டில் இருப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். கல்யாண மொய் எழுதுகிறவர்கள் பாசம் இல்லாதவர்களா என்ன?

கவிஞர் தெய்வத்தைக் கேள்வி கேட்பாரா?

நன்றாகவே கேட்பார். அதில் ஒரு வகைப் பாட்டு எனக்குத் தனிப் பிரியம்: நீ நானாகவும் நான் நீயாகவும் இருந்தால் என்னவாகும்?

விரூபர் அக்னியிடம் சொல்கிறார் (8.44.23): "அக்னியே, நான் நீயாக இருந்து நீ நானாக இருந்தால், உன் வேண்டுதல்கள் எல்லாம் இங்கே பலித்திருக்கும்." ஒரே மந்திரம், அதற்குள் குறையும் உரிமையும் நெருக்கமும் சேர்ந்து கிடக்கின்றன. 8.14இல் இன்னொருவர், "இந்திரா, உன்னைப்போல் நான் செல்வத்துக்கெல்லாம் ஒரே தலைவனாக இருந்தால், என்னைப் பாடுகிறவன் மாடுகளோடு இருப்பான்" என்கிறார். 8.19இல் சோபரி, "நீ சாகிறவனாகவும் நான் சாகாதவனாகவும் இருந்தால் உன்னைப் பழிச்சொல்லுக்குக் கைவிட்டிருக்கமாட்டேன்" என்கிற பொருளில் அக்னியிடம் பேசுகிறார். புயல் தெய்வங்களான மருத்துக்களிடமும் இதே பேச்சு (1.38): "நீங்கள் மனிதர்களாக இருந்தால், உங்களைப் பாடுபவன் சாகாதவனாக இருப்பான்."

இப்படி இடம் மாற்றிப் பார்க்கிற துணிவு பயத்தில் வராது. எசமானிடம் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். நெடுநாள் பழகிய, கொஞ்சம் ஏமாற்றிவிட்ட நண்பனிடம்தான் பேசுவார்கள்.

வசிஷ்டரும் வருணனும் பற்றி ஏன் எல்லோரும் பேசுகிறார்கள்?

ஏனென்றால் ஒரு மனிதர் ஒரு தெய்வத்தோடு பழகி, முறிந்து, மறுபடி கெஞ்சுகிற முழுக் கதையும் அங்கே கிடைக்கிறது. ஏழாம் மண்டலத்தில் 86 முதல் 89 வரை நான்கு சூக்தங்கள். இந்திரனுக்குச் சுமார் 250 பாட்டு, அக்னிக்குச் சுமார் 200 என்கிற பெருங்கூட்டத்தில் வருணனுக்கு மட்டுமே உரிய பாட்டுகள் கொஞ்சம்தான், ஆனால் அவற்றின் கனம் வேறு.

7.86இல் வசிஷ்டர் தனக்குத் தானே பேசிக்கொள்கிறார்: "நான் எப்போது வருணனுக்குள் இருப்பேன்? கோபம் இல்லாமல் என் படையலை ஏற்பானா?" என்ன தப்பு செய்தோம் என்று தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் போய்க் கேட்கிறார், எல்லாரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: வருணன் உன்மேல் கோபமாக இருக்கிறான். பிறகு நேராக வருணனிடம் திரும்பி, "அப்படி என்ன பெரிய குற்றம், உன்னைப் பாடுகிற நண்பனையே கொல்ல நினைக்கிறாயே?" என்கிறார். பாடுகிறவன், நண்பன் என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அப்புறம் சமாதானம்: அது என் சொந்த விருப்பமில்லை, கள், கோபம், சூது, யோசனையின்மை, இளையவன் செய்யும் தப்பில் மூத்தவனுக்கும் பங்கு உண்டு, தூக்கத்தில்கூடத் தப்பு வரும். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் தட்டிக்கழிப்பதற்கும் நடுவில் ஒரு மனம் தவிக்கும் தவிப்பு இதைவிட உண்மையாக எழுதப்பட்டு நான் படித்ததில்லை. கன்றைக் கயிற்றிலிருந்து அவிழ்ப்பதுபோல் வசிஷ்டனை அவிழ்த்துவிடு என்று தன் பெயரைச் சொல்லியே கேட்கிறார்.

7.88இல் பழைய நாள் நினைவு. வருணனும் தானும் ஒரே படகில் ஏறி நடுக்கடலுக்குப் போனது, தண்ணீரின் முகட்டில் ஊஞ்சல் ஆடினது, வருணன் தன்னைப் படகில் வைத்து ரிஷி ஆக்கினது. உடனே குரல் உடைகிறது: "நம் அந்த நட்பெல்லாம் எங்கே போயிற்று? முன்பு பகையில்லாமல் சேர்ந்திருந்தோமே. ஆயிரம் கதவுள்ள உன் பெரிய வீட்டுக்கு நான் வந்து போய்க்கொண்டிருந்தேனே."

7.89 ஐந்தே மந்திரம். "வருண ராஜாவே, நான் இப்போதே மண் வீட்டுக்குப் போக வேண்டாம்." மண் வீடு என்றால் புதைகுழி. "தண்ணீருக்கு நடுவில் நிற்கும்போதே உன்னைப் பாடுபவனைத் தாகம் பிடித்துக்கொண்டது." உடம்பில் நீர் கோக்கும் நோய் என்று இதற்குப் பழைய விளக்கம் உண்டு, அது வருணன் தரும் நோய் என்பது நம்பிக்கை. நோயாகவே இருக்கட்டும், படகில் இருவரும் போன அதே நீர் இப்போது தாகம் தீர்க்கவில்லை என்பது மனசில் தங்கிவிடுகிறது. நான்கு சூக்தத்தையும் சேர்த்துப் படித்தால்தான் இது கிடைக்கும்.

வசிஷ்டர் தன்னை அடிமை என்றும் சொல்கிறாரே? அப்போது நட்பு என்பது பொய்யா?

ஆமாம், 7.86இன் கடைசிப் பகுதியில் "தாசனைப்போல் உனக்குப் பணி செய்வேன்" என்கிறார். அதை ஒளிக்கக் கூடாது. ஆனால் எப்போது சொல்கிறார் பாருங்கள்: நட்பு முறிந்தபிறகு, அதை மீட்க முடியாதோ என்ற பயத்தில். நண்பனாக முடியாவிட்டால் வேலைக்காரனாகவாவது வைத்துக்கொள் என்கிற குரல் அது. பின்னாளைய பக்தி இலக்கியத்தில் அடிமைத்தனமே பெருமையான உறவாக மாறியது வேறு கதை.

இதைப் படிக்கும்போது சுந்தரர் நினைவு வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

எனக்கும் வந்தது. தம்பிரான் தோழர் என்றே பெயர் வாங்கியவர், கண்ணை இழந்து திருவாரூரில் நின்று "வாழ்ந்து போதீரே" என்று சிவனிடம் சொல்கிறவர், வசிஷ்டர் பக்கத்தில் உட்காரத் தகுந்தவர்தான். அந்தப் பதிகம் "மீளா அடிமை" என்று தொடங்குவதும் சேர்ந்து நினைவுக்கு வரும். ஆனால் இடையில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் இருக்கிறது, சுந்தரர் வசிஷ்டரைப் பார்த்துப் பாடினார் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. சுந்தரருக்குக் கோயில் உண்டு, ஊர் உண்டு, போய் நிற்க ஒரு வாசல் உண்டு. ரிக்வேதக் கவிஞருக்குக் கோயிலே இல்லை, தீ மூட்டிய இடத்துக்குத் தெய்வத்தைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வந்தானா இல்லையா என்ற பதற்றம் அங்கே கூடுதல்.

தெய்வம் திரும்பப் பேசுமா?

பேசும். அகத்தியர் பெயரில் வருகிற 1.170 ஒரு சண்டை. மருத்துக்களுக்கு என்று வைத்த படையல் விஷயத்தில் இந்திரனுக்கு மனத்தாங்கல். "மருத்துக்கள் உன் சகோதரர்கள், அவர்களோடு ஒத்துப்போ" என்று அகத்தியர் சமாதானம் பேச, எதிர்ப்பக்கம் சொல்கிறது: "அண்ணா அகத்தியா, நண்பனாக இருந்துகொண்டு எங்களை ஏன் அலட்சியம் செய்கிறாய்?" மூலத்தில் இருப்பது 'சகோதரா' என்கிற விளி; அண்ணாவோ தம்பியோ நம் விருப்பம். ஒரு தெய்வம் ஒரு கவிஞரிடம் இப்படிக் குறைப்படுகிறது என்பதுதான் விஷயம்.

ஆறுகளும் பேசும். விசுவாமித்திரர் விபாசு, சுதுத்ரி (இன்றைய பியாஸ், சட்லெஜ்) இரண்டையும், ஆட்களும் வண்டிகளும் கடக்க வேண்டும், கொஞ்சம் தணிந்து ஓடுங்கள் என்று கேட்கிறார் (3.33). அவை ஒத்துக்கொள்வதற்கு முன் ஒரு நிபந்தனை போடுகின்றன: பாடுகிறவனே, இந்தப் பேச்சை மறந்துவிடாதே, வரும் தலைமுறைகள் இதைக் கேட்க வேண்டும், உன் பாட்டில் எங்களுக்கு இடம் கொடு. ஆறு கேட்டதும் பாட்டைத்தான்.

சந்தேகப்பட்டவர்கள் இல்லையா?

உண்டு, பாட்டுக்குள்ளேயே. 8.100இல் "இந்திரன் இல்லை என்கிறான் ஒருவன், யார் அவனைப் பார்த்தது? யாரை நாம் பாடுவது?" என்று வருகிறது. அடுத்த மந்திரத்திலேயே இந்திரன் வந்து நிற்கிறான்: "பாடுகிறவனே, இதோ இருக்கிறேன், இங்கே என்னைப் பார்." பதிலாக அவன் தருக்கம் எதையும் எடுக்கவில்லை, முகத்தைக் காட்டுகிறான். படைப்பைப் பற்றிய, பத்தாம் மண்டலத்தின் நாசதீய சூக்தத்தில் (10.129) கேட்பதற்கு யாருமே எதிரில் இல்லை, தேவர்களே படைப்புக்குப் பிறகு வந்தவர்கள், மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஒருவேளை தெரியும், ஒருவேளை அவனுக்கும் தெரியாது. முன்னிலையில் பேச ஆள் இல்லாத பாட்டு அது, அதனால்தான் அதன் தனிமை வேறு மாதிரி இருக்கிறது.

பெண்கள்?

கோஷா, விசுவவாரா, லோபாமுத்ரா, அபாலா என்று மரபு சொல்லும் பெயர்கள் உண்டு. எண்ணிக்கை குறைவுதான். 8.91இல் அபாலா தண்ணீருக்குப் போகும் வழியில் சோமத்தைக் கண்டெடுத்து, பல்லால் கடித்துப் பிழிந்து இந்திரனுக்குக் கொடுக்கிறாள். வேள்விச் சாலை இல்லை, சோமம் பிழியும் கல் இல்லை, புரோகிதர் இல்லை. அவள் கேட்கும் மூன்று வரம்: அப்பாவின் தலையிலும், அப்பாவின் வயலிலும், தன் உடம்பிலும் முளைக்க வேண்டும். இந்திரன் வந்துவிடுகிறான்.

பாட்டில் வரும் 'நான்' எழுதியவரேதானா?

எப்போதும் இல்லை, இதில் அவசரப்படக் கூடாது. 10.34இன் சூதாடி, நிஜமாகச் சூதாடித் தோற்ற கவிஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 4.26 "நான் மனுவாக இருந்தேன், நான் சூரியன்" என்று தொடங்குகிறது. பேசுவது வாமதேவரா இந்திரனா என்று உரைகாரர்களே பிரிகிறார்கள், பிருகதாரண்யக உபநிடதம் அதை வாமதேவர் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறது. 10.119இல் சோமம் குடித்த மயக்கத்தில் ஒருவர் வானத்தைவிடத் தான் பெரியவன் என்கிறார், அங்கேயும் இதே சிக்கல். கவிஞரும் தெய்வமும் ஒரே வாயால் பேசும் இடங்கள் இவை. யார் என்று தீர்மானிக்க முடியாமல் இருப்பதே சில சமயம் சரியான வாசிப்பு.

எங்கிருந்து தொடங்கலாம்?

1.1இலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 7.86 முதல் 89 வரை ஒரே உட்காரலில் படியுங்கள், சத்தமாக. பிறகு 3.33, 1.170, 8.91. ஒன்பதாம் மண்டலத்தைக் கடைசிக்கு வையுங்கள். 114 சூக்தமும் சோமம் பிழிந்து வடிகட்டும்போது பாடியவை, பழகின காதுக்குத்தான் இனிக்கும். பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் எழுதப்பட்ட சாயணர் உரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அவர் முழுக்க வேள்விக் கண்ணோடு படிப்பவர், அதனால் முதலில் மந்திரத்தைப் படித்து, அதில் 'நீ' என்று வருவது யாரை என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டு, அப்புறம் உரைக்குப் போங்கள்.